மாசித் தேனும் ஐப்பசிப் பசியும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலையைத் தாண்டிவிட்டால் தேன் கடைப் பலகைகள் கண்ணில் படத் தொடங்கும். மார்த்தாண்டத்தில் பெரிய மேம்பாலம் வந்த பிறகு அவசரக்காரர்கள் ஊரை மேலாகவே தாண்டிப் போய்விடுகிறார்கள். தேன் வேண்டுகிறவர்கள் கீழே இறங்கி, சந்தை நெரிசலில் மாட்டித்தான் ஆக வேண்டும். மளிகைக் கடை, மருந்துக் கடை, நேந்திரங்காய் சிப்ஸ் கடை என்று எங்கே பார்த்தாலும் தேன் பாட்டில் நிற்கிறது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கடைக்காரர்கள் அதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள்.

இவ்வளவு தேன் புழங்கும் ஊரில் தேனீ குறைந்துவருகிறது என்றால் நம்புவது கஷ்டம். தேனீ அழிவு என்று நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கதை. 2006 வாக்கில் அங்கே பெட்டிகளிலிருந்து வேலைக்காரத் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போயின. ராணியும் சில குஞ்சு ஈக்களும் மட்டும் மிஞ்சின. உலகப் பத்திரிகைகள் அதை எழுதித் தீர்த்தன. அந்தத் தேனீ வேறு, நம் தேனீ வேறு. நம்முடையது மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடை அடையாக அடுக்கி வைக்கும் அடுக்குத் தேனீ. அதற்கு வந்த அழிவு அமெரிக்கக் கதைக்குப் பதினைந்து ஆண்டு முந்தியது. அந்த அழிவைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே இன்னும் பெட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் மாசி மாதம் வந்து இறங்கினேன்.

மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, கடையாலுமூடு என்று மலைப்பக்கம் போகும் பேருந்து, ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து புகுந்து போகிறது. மழைக்காலத்தில் பகலிலும் இருட்டிக் கிடக்கும் தோட்டங்கள் மாசியில் வேறு கோலம். மார்கழியில் ரப்பர் மரம் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். தையில் மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் துளிர் விடும். நான் போன நேரம் அந்தச் செம்பு வெளுத்து இளம்பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. வெயில் நேரடியாகத் தரையில் விழுந்தது. தோட்டத்தின் ஓரங்களில், கால் வைத்த தாங்கிகளின் மேல் சிறுசிறு மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம்.

பெட்டிக்காரருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முதலில் என்னை வியாபாரி என்று நினைத்து விலையைச் சொல்லிவிட்டார். வாங்க வரவில்லை, பார்க்க வந்தேன் என்றதும், "பாக்கதுக்கா?" என்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாழ்ந்திருந்த ஒரு கிளையை இழுத்து இலைக்கொத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பூவுல தேடாதீங்க தம்பி. இங்க பாருங்க."

ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் கடுகைவிடச் சிறிய மேடுகள். அவற்றின் மேல் ஒரு துளி, வெயிலில் மினுங்கிக்கொண்டு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மெல்லிய இனிப்பு, வேறு வாசனை எதுவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கொத்தில் ஒரு தேனீ வந்து இறங்கி, இதே இடத்தில் வாயை வைத்து, மூன்று நொடியில் அடுத்த இலைக்குத் தாவியது. பூவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, இலைக்காம்பிலிருந்து வருகிறது. துளிர் முற்றும்வரை சில வாரங்கள் கோடிக்கணக்கான காம்புகளில் ஒரே சமயத்தில் இந்தத் துளி சுரக்கும். முற்றிவிட்டால் நின்றுவிடும். இடையில் ஒரு கோடைமழை வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

பெட்டியைத் திறந்து காட்டினார். புகைக்கருவியில் தேங்காய் நார் புகைந்தது. இரண்டு ஊது ஊதி மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து 'உஸ்' என்று ஒரு சீறல், ஒரே குரலாக, ஒரே கணம். நான் பின்வாங்கினேன். "பயப்படாண்டாம். அது மிரட்டுகதுக்கு உள்ள சத்தமாக்கும்" என்றார். அடுக்குத் தேனீ அப்படித்தான். தொந்தரவு வந்தால் கூட்டமே சேர்ந்து சிறகை உதறிச் சீறும். மேலறையிலிருந்து ஒரு சட்டத்தை உருவி வெயிலுக்குக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை மெழுகு மூடிய அறைகள். கீழறையின் சட்டத்தில் நடுவில் புழு, அதைச் சுற்றி மகரந்தம், ஓரத்தில் கொஞ்சம் தேன். மகரந்தம் இருந்த அறைகளை விரலால் எண்ணிக் காட்டினார். நீளவில்லை அந்த எண்ணிக்கை.

வீட்டுத் திண்ணையில் அவர் மனைவி கத்தியை வெந்நீரில் முக்கி மெழுகு மூடியைச் சீவிக்கொண்டிருந்தார். சீவிய சட்டங்களை ஒரு தகர உருளைக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் தேன் தெறித்துச் சுவரில் வழிகிறது, அடை உடைவதில்லை. காலி அடையைத் திரும்பப் பெட்டியில் வைத்தால் எட்டு, பத்து நாளில் மறுபடி நிரம்பும். ஈக்களுக்கு மெழுகு கட்டும் வேலை மிச்சம். நல்ல வருஷத்தில் ஒரு பெட்டிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கிடைக்கும் என்றார்கள்.

இந்தப் பெட்டிக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவுக்கு வயது நூறுக்குக் கிட்டே. தீப்பந்தம் காட்டிக் கூட்டை எரித்து, அடையைப் பிழிந்து எடுப்பதுதான் பழைய வழி. தேன் கிடைக்கும், கூட்டம் செத்துப்போகும். 1910களில் திருச்சியில் நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் நம்மூர்த் தேனீயின் உடம்புக்கும் கூட்டத்துக்கும் ஏற்றமாதிரி சட்டம் வைத்த சிறு பெட்டியைச் செய்து, ஆட்களுக்குப் பழக்கினார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்தினார். கோழி வளர்ப்பு, பனைவெல்லம் ஆகியவற்றோடு தேனீப் பெட்டியையும் ஏழைக் குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தார். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, தேனீ வளர்ப்பில் தேர்ந்த ஒரு தலைமுறையும் கூடவே வந்தது. நிலமில்லாத ஆளும் செய்யக்கூடிய வேளாண்மை இது. பெட்டி மட்டும் சொந்தமாக இருந்தால் போதும். ரப்பர் தோட்டக்காரருக்கு வாடகையாகக் கொஞ்சம் பணமோ தேனோ கொடுத்துவிட்டு அவர் மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாழ்வு 1991இல் முறிந்தது.

தாய் சாக்புரூட் என்று நோய்க்குப் பெயர். முதலில் 1976இல் தாய்லாந்தில் கண்டுபிடித்த வைரஸ். 1978 வாக்கில் இந்தியாவின் வடகிழக்கில் தலைகாட்டியது. தெற்கே வந்துசேரப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது, வந்த பிறகு இரண்டு ஆண்டுக்குள் கேரளத்திலும் குமரியிலும் கர்நாடகத்திலும் பெட்டித் தேனீக்களில் பத்துக்கு ஒன்பது கூட்டத்துக்கு மேல் வாரிக்கொண்டு போய்விட்டது. இது புழுவைத் தாக்கும் நோய். கூட்டுப்புழுவாக மாறவேண்டிய கட்டத்தில் அது மாறாமல், அறைக்குள் தலையை மேல்நோக்கித் தூக்கியபடி செத்துக் கிடக்கும். தோல் மட்டும் இறுகி உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

"ஊசி வச்சி தூக்கினா சவ்வுக்குள்ள தண்ணி நிக்கும், பாத்துக்கிடுங்க. முதல்ல ரெண்டு அறை. ஒரு வாரம் கழிச்சு பாத்தா அடை பூரா. மருந்து என்னமெல்லாமோ குடுத்து பாத்தோம். ஒண்ணும் பிடிக்கல. அந்த மாசி மாசம் இலையில தேன் வடிஞ்சிது. குடிக்கதுக்கு ஈ இல்ல."

வைரஸ் என்பதால் மருந்து பிடிக்காது. பெரியவர் அப்போது முப்பதைத் தொட்ட ஆள். பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போனாராம். கூட்டாளிகள் வளைகுடாவுக்குப் போனார்கள். சிலர் பெட்டியை விறகுக்கு உடைத்தார்கள். மேலைநாட்டுத் தேனீயைக் கொண்டுவந்து பார்க்கலாம் என்றும் முயன்றார்கள். இமாசலத்தில் 1962இல் வேரூன்றி வடக்கே கொடிகட்டிப் பறக்கும் இத்தாலியத் தேனீதான் அது. அளவில் பெரியது, தேனும் அதிகம். ஆனால் வர்ரோவா என்னும் உண்ணியை உதறத் தெரியாது. அந்த உண்ணி காலங்காலமாக அடுக்குத் தேனீயின் உடம்பில் ஒட்டி வாழ்வது; அடுக்குத் தேனீ அதைப் பிடித்துக் கடித்துப் போட்டுவிடும். இத்தாலியத் தேனீயை வைத்துக்கொள்ள மருந்தும் பண்டுவமும் இடைவிடாமல் வேண்டும். ஐந்தாறு பெட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது கட்டுபடியாகவில்லை.

மீண்டது எப்படி என்றால், சாகாத கூட்டங்களிலிருந்துதான். பத்தில் ஒன்று எஞ்சியது அல்லவா, அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். மலையில் மரப்பொந்துகளில் தாங்கி நின்ற கூட்டங்களைப் பிடித்து வந்து பெட்டியில் ஏற்றினார்கள். நோய் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. அவ்வப்போது தலைகாட்டும். அப்போது ராணியைக் கொஞ்ச நாள் அடைத்து வைத்து முட்டையிடுவதை நிறுத்துவார்கள். புழுவே இல்லாவிட்டால் வைரஸ் எதில் பெருகும்? இடையில் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து ரப்பரும் வாழையும் சாய்ந்தபோது, அடியில் இருந்த பெட்டிகளும் நசுங்கின. மறுபடி பிரித்தார்கள். இந்த ஊர்த் தேனீ இன்று இருப்பது இந்த மனிதர்களின் பிடிவாதத்தால் என்று நான் எழுதினால் அது மிகை இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் ஒரு பாட்டில் தேனோடு சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். கிளம்பும்போது பெரியவர் சொன்ன ஒரு வாக்கியம் விடவில்லை.

"ரப்பர் தாறது தேனாக்கும் தம்பி, சாப்பாடு இல்ல. தேன் கேட்டு எல்லாரும் மாசியில வாறாங்க. ஐப்பசியில வந்து, ஈ என்ன தின்னுதுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல."

ஐப்பசியில் போனேன்.

அதே பேருந்து, அதே சாலை. தோட்டங்கள் இப்போது கரும்பச்சைக் கூரை போட்டு மூடிக் கிடந்தன. குமரிக்கு இரண்டு மழைக்காலம். ஆனியில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்வதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். ஆனி முதல் கார்த்திகை வரை, வருஷத்தில் பாதி, ரப்பர் காட்டுக்குள் தேனீக்குத் தின்ன ஒன்றும் இல்லை. மழை நின்ற நேரத்தில்தான் பறக்கவே முடியும். பறந்து போனாலும் பூ எங்கே? காடும் பலவகை மரமும் இருந்த மேடுகளில் இப்போது கண்ணுக்கு எட்டியவரை ஒரே மரம். அந்த மரம் மாசியில் வாரி வழங்கும். அதன் இலைத்துளியில் இனிப்பு உண்டு, மகரந்தம் கிடையாது. புழு வளர்வது மகரந்தத்தால். நாம் பருப்பு, முட்டை, மீன் என்று தின்பதெல்லாம் அதற்கு அந்த ஒன்றில்தான் இருக்கிறது. மாசியில் அவர் எண்ணிக் காட்டிய அறைகளின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெட்டிகளை வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை, அதில் சீனிப்பாகு, ஈ மூழ்கிவிடாமல் மிதக்கவிட்ட சருகுத் துண்டு. இந்தக் காலத்துப் பாகு ஈயின் வயிற்றுக்கு. அதிலிருந்து தேன் எடுக்க மாட்டார்கள், எடுக்கக் கூடாது. ஒரு பெட்டியைத் திறந்தபோது சீறல் கேட்கவில்லை. கூட்டம் உள்ளங்கையில் அள்ளும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலியான அடைகளில் மெழுகுப் பூச்சியின் புழு நூலாம்படை கட்டியிருந்தது. பலமான கூட்டத்துக்குள் அந்தப் பூச்சி நுழையாது. பசித்த கூட்டத்தில் காவலுக்கு ஆள் இருக்காது, அதனால் நுழைந்துவிடும். நோயும் அப்படித்தான். வைரஸ் வந்து கொன்றது என்று நாம் எழுதிவிடுகிறோம். பாதி வேலையைப் பசி முன்னாலேயே முடித்து வைத்திருக்கிறது.

"அப்போ இதுங்க எப்படித்தான் தாக்குப்பிடிக்குது அண்ணாச்சி?"

வேலிப்பக்கம் கூட்டிப்போனார். முழங்கால் உயரத்துக்குத் தொட்டாற்சிணுங்கி மண்டிக் கிடந்தது. மழை விட்ட காலை நேரம். இளஞ்சிவப்புப் பஞ்சுப் பொத்தான்களாகப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தேனீ. குனிந்து பார்த்தேன். பூவின் மேல் ஒரு சுற்று ஓடி, எழும்பி நின்றபடியே காலால் உடம்பை வழித்து, பின்னங்காலில் வெளிர் நிறப் பொட்டலமாகச் சேர்த்துக்கொண்டு அடுத்ததுக்குப் போனது. செடி அதிர்ந்து இலைகள் மடங்கினாலும் பூ மடங்கவில்லை. மழைக்காலத்தில் இந்த முள்செடிதான் இங்கே அடுக்குத் தேனீக்கு முக்கியமான மகரந்தச் சாப்பாடு. ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் காலைக் கீறும் செடி. தோட்டக்காரர்களுக்கு ஆகாத செடி. அரிவாள் வைத்து வெட்டிய காலத்தில் திரும்ப முளைத்துவிடும். இப்போது களைக்கொல்லி. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்தில் தரை காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது.

களைக்கொல்லி தேனீயின் மேல் படவில்லை, யாரும் தேனீயைக் கொல்ல நினைக்கவும் இல்லை. சோற்றுப் பானையை மட்டும் கவிழ்த்துவிட்டார்கள். தேனீ அழிவு என்றால் பூச்சிமருந்து என்றுதான் முதலில் சொல்வோம். அதுவும் உண்மைதான். செடியின் சாறு முழுக்கப் பரவி, பூவின் மகரந்தம் வரை போய்ச்சேரும் நியோநிகோடினாய்டு வகை மருந்துகளில் மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. அவற்றில் ஒன்றான இமிடாகுளோபிரிட் நம்மூர் உரக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் இரண்டு பருவமும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நம் தேனீக்கு முதல் பகை பட்டினி. சுத்தம் என்ற பெயரில் நாம் எல்லா இடத்தையும் வழித்துத் துடைத்துவிட்டோம்.

அன்று மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது நகரத்தில் இருக்கிறவன் என்ன செய்யலாம் என்று கேட்டேன். பெரியவர், "தேன் வாங்குங்க" என்றார். அவர் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே மறுத்தார். "தேன் வாங்கினா நமக்குச் சோறு. ஈக்கு என்ன கிட்டும்? ரெண்டு செடி வைக்கச் சொல்லுங்க."

இரண்டு செடி என்பது ஒப்புக்குச் சொன்னது இல்லை. அடுக்குத் தேனீ இரை தேடிப் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்தான் பறக்கும். அதைவிடச் சிறிய கொசுத்தேனீ சில நூறு மீட்டர் போனால் அதிகம். அதன் உலகமே உங்கள் தெருவும் அடுத்த தெருவும். அங்கே ஒரு மொட்டை மாடியில் துளசி கதிர் விட்டிருந்தால் அது அதற்கு ஒரு வயல். நாமோ துளசியில் கதிர் வந்த உடனே கிள்ளிவிடுகிறோம். பாதிக் கதிரை விட்டுவைக்கலாம். கொத்தமல்லி முற்றிப் பூத்துவிட்டால் பிடுங்காமல் ஒரு தொட்டியை விடலாம். முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, எள் எல்லாவற்றிலும் ஈ மொய்க்கும். வேலியில் ஏற்றும் இளஞ்சிவப்புக் கொடி ரோஸ் மழைக்காலத்திலும் விடாமல் பூப்பது. தேனீக்காரர்கள் வீடுகளில் பெரும்பாலும் அதைப் பார்க்கலாம். காலிமனையில் தும்பையும் நாயுருவியும் இருந்தால் பொக்லைன் வைத்து வழிக்காமல், பாதைக்கு வேண்டியதை மட்டும் வெட்டலாம். எந்தச் செடி என்பதைவிட எந்த மாதத்தில் பூக்கிறது என்பது பெரிய விஷயம். சித்திரையில் வேம்பும் புங்கும் ஊரெல்லாம் பூக்கின்றன, அப்போது நம் உதவி தேவையில்லை. ஆடியிலும் ஐப்பசியிலும் உங்கள் வீட்டில் என்ன பூத்திருக்கிறது என்று பாருங்கள். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் பூ இருக்கும்போது அடிக்காமல், அடித்தாலும் ஈ அடங்கிய பிறகு சாயங்காலம் அடிக்கலாம். ரோஜா இலையில் அச்சு வைத்து வெட்டியது போல வட்டம் வட்டமாகக் காணாமல் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீ குஞ்சுக்குத் தொட்டில் கட்ட எடுத்துப்போனது. செடிக்கு ஒன்றும் ஆகாது, மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம்.

மாடியில் பெட்டி வைக்கும் ஆசை இப்போது நகரங்களில் பரவிவருகிறது. ஒரு நாள் பயிற்சி, ஒரு பெட்டி, ஒரு செல்ஃபி. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுற்றிப் பூ இல்லாத இடத்தில் பெட்டி வைப்பது, புல் இல்லாத ஊரில் மாடு வாங்கிக் கட்டுவது போன்றது. அந்த ஈக்கள், ஏற்கெனவே அங்கே அரைவயிற்றோடு இருக்கும் காட்டு ஈக்களின் பங்கையும் பிடுங்கித் தின்னும்.

அந்த வீட்டின் பழைய கல்சுவரில் ஒரு விரிசல். அதிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்குக் கருப்பு மெழுகுக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. குழலின் விளிம்பில் ஏழெட்டுக் கருப்புப் பொட்டுகள், எல்லாம் வெளியே பார்த்தபடி. கொசுத்தேனீக் கூட்டம், இந்தப் பக்கம் சிறுதேனீ என்பார்கள். கொட்டாது, கொடுக்கு வேலை செய்யாது. பாகல், பூசணிப் பூக்களுக்குள் இதன் போக்குவரத்து அதிகம். மாடித்தோட்டக்காரர்கள் பூசணிப் பிஞ்சு வெம்பி உதிர்கிறது என்று பிரஷ் வைத்துக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்களே, அந்த வேலையைக் கூலி இல்லாமல் செய்வது இதுதான். பழைய வீட்டை இடிக்கும்போது இந்தக் குழல் கண்ணில் பட்டால், கொத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தெரிந்த ஒரு தேனீக்காரரை அழைத்தால் கூட்டத்தைச் சிரட்டைக்கோ மண்சட்டிக்கோ மூங்கிலுக்கோ மாற்றிவிடுவார். அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். அது வலசை போகும் இனம், பூக்காலம் முடிந்தால் சில மாதங்களில் தானாகவே எழும்பிப் போய்விடும். குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு நேர்மேலே இருந்தால் ஆபத்துதான், தெரிந்தவர்களைக் கொண்டு அகற்ற வேண்டும். மற்றபடி, இரவில் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு விலகி இருந்தால் போதும். ஆள் பிடித்து நெருப்பு வைப்பது குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கைதட்டோடு நிறைவேறும் தீர்மானமாக இருக்கிறது.

தேன் வாங்குவது பற்றி அந்த அம்மா சொன்னதில் பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இவர்கள் தொழிலை விட்டால் ஐப்பசியில் சிரட்டையில் பாகு ஊற்ற ஆள் இருக்காது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்கும் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்தது; 10 தேறவில்லை. வழக்கமான சோதனைகளில் மாட்டாதபடி தயாரித்த பாகு கலந்த தேன் மலிவாகக் கிடைக்கும்போது இவர்கள் விலைக்கு யார் வருவார்கள்? இன்னொரு கொடுமை, ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்து வெண்ணெய்போல் ஆகிவிடும். அது அதன் குணம். வாங்கிப்போனவர்கள் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று போனில் திட்டுகிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது, நாய்க்கு வைப்பது என்று நாம் செய்யும் எந்தச் சோதனையும் இன்றைய பாகைக் கண்டுபிடிக்காது. நாய்க்கு அதில் அபிப்பிராயம் இருப்பதாகவும் தெரியவில்லை. பெட்டி வைத்திருக்கும் ஆளைத் தெரிந்துகொண்டு அவரிடம் வாங்குவதுதான் மிச்சமிருக்கும் வழி.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். மறுநாள் வேலியோரம் மருந்து தெளிக்க ஆள் சொல்லியிருக்கிறார், பெட்டிகளை மூடிவைக்கச் சொல்லத்தான் வந்தது. பெரியவர் காப்பி கொடுத்து உட்கார வைத்தார்.

"வேலியோரம் நாலடி விட்டுப்போடுங்க. கார்த்திகை கழிஞ்சு நானே வெட்டித் தாறேன்."

"புல்லு கிடந்தா பாம்பு அடையும் ஓய். பால் வெட்டுகவன் வரமாட்டான்."

"பால் வெட்டுகவன் நடக்க வழிய வெட்டிக்கிடும். வேலிக்குப் பாம்பு வந்தா அது எனக்குள்ள பாம்பு."

பேச்சு ரப்பர் விலைக்குப் போய், மழைக்குப் போய், யாரோ ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்ப வேலிக்கு வந்தது. கடைசியில் நாலடி மூன்றடி ஆனது. பதிலுக்கு மாசியில் தோட்டக்காரர் வீட்டுக்குத் தேன். ஒரு பாட்டிலில் தொடங்கிய பேரம் இரண்டில் முடிந்தது. மூன்றாவதுக்கும் கேட்டுப் பார்த்தார், பெரியவர் மசியவில்லை.